ஆறு வித்தியாசம் கண்டுபிடித்தால் கவனம் வளருமா?

ஆறாம் வகுப்புப் படிக்கும் மகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கணக்கில் ஆள் கெட்டி, ஆனால் 63-ஐ 36 என்று எடுத்தெழுதி மதிப்பெண்ணைக் கோட்டைவிடுகிறாள். "படப் புதிர் கொடுங்கள், கவனம், ஞாபகம், யோசிக்கிற திறன் எல்லாம் வளரும்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது உண்மையா, எந்த மாதிரிப் புதிர் கொடுக்கலாம், பணம் கட்டி ஆப் வாங்கலாமா, ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம், மறதி கூடிக்கொண்டு வரும் உங்கள் அப்பாவுக்கும் இது உதவுமா என்பவை உங்கள் கேள்விகள்.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு புதிர் எந்த வேலையைச் செய்ய வைக்கிறதோ அந்த வேலையில்தான் பிள்ளை தேறும். ஆறு வித்தியாசம் போட்டுப் பழகியவள் ஆறு வித்தியாசம் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரி ஆவாள். அந்தக் கெட்டிக்காரத்தனம் தானாகக் கிளம்பிப் போய்க் கணக்கு நோட்டில் உட்காராது. ஆனால் எப்படிக் கண்டுபிடித்தாள் என்பதை அவளையே வாய்விட்டுச் சொல்ல வைத்து, அதே முறையை நீங்கள் நோட்டுக்குக் கொண்டுபோனால் பலன் உண்டு. நான் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்கும் மனத்திறன் பகுதியும் சொல்லிக்கொடுப்பவன், புதிர்களை வரைந்தும் கொடுப்பவன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வித்தியாசம் கண்டுபிடிக்கும் புதிரிலிருந்தே தொடங்கலாம். வார இதழ் வாசித்து வளர்ந்த எவருக்கும் இது தெரியும். இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், ஐந்து வித்தியாசம் சட்டென்று கிடைத்துவிடும், ஆறாவது மட்டும் உயிரை வாங்கும். படம் கண்ணெதிரே இருக்கிறது, எதுவும் ஒளிந்திருக்கவில்லை, பிறகு ஏன் இவ்வளவு கஷ்டம்? பார்வைக் கூர்மைக்கும் இதற்கும் பெரிய தொடர்பு இல்லை. 1997-இல் ரொனால்ட் ரென்சிங்க், கெவின் ஓரீகன், ஜேம்ஸ் கிளார்க் மூவரும் ஒரு எளிய சோதனை செய்தார்கள். ஒரே ஒரு மாற்றம் உள்ள இரண்டு புகைப்படங்களைத் திரையில் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் நடுவே ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் வெற்றுத் திரை வரும். அவ்வளவுதான். காட்சியின் மையத்தில் இல்லாத பொருள் மாறியிருந்தால், அதைப் பிடிக்கச் சராசரியாகப் பத்து விநாடிக்கு மேல் ஆனது. மாறிய பொருள் சின்னதும் இல்லை. நடுவே வரும் அந்த வெற்றுத் திரையை எடுத்துவிட்டால் மாற்றம் உடனே கண்ணில் அடிக்கும்.

காரணம் இதுதான். எங்கேனும் ஏதாவது அசைந்தால் நம் கண் தானாக அங்கே ஓடும். இடைவெளி வந்துவிட்டால் அந்த அசைவுக் குறி அழிந்துபோகிறது. அப்புறம் நினைவை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். இதழில் அச்சான புதிரில் வெற்றுத் திரை கிடையாது, ஆனால் இடப் படத்திலிருந்து வலப் படத்துக்குக் கண் தாவும் நேரம் அதே வேலையைச் செய்கிறது. அந்தத் தாவலில் நாம் சுமந்துபோகக்கூடிய விஷயங்களோ மிகக் குறைவு. ஸ்டீவன் லக், எட்வர்ட் வோகல் இருவரும் அதே 1997-இல் வெளியிட்ட ஆய்வின்படி ஒரே நேரத்தில் மனதில் பிடித்துவைக்க முடிவது ஏறக்குறைய நான்கு பொருள்கள்தான். முழுப் படத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு மற்றதைப் பார்க்கிற பிள்ளை நாற்பது பொருள்களைத் தூக்கிப் போக முயல்கிறாள். முப்பத்தாறு வழியில் விழுந்துவிடும்.

இதே சிக்கலை ஒரு கருவியால் தாண்டிய கதை வானியலில் இருக்கிறது. அமெரிக்காவின் லோவெல் வானாய்வகத்தில் கிளைட் டாம்பா என்ற 24 வயது இளைஞர், வானத்தின் ஒரே பகுதியைச் சில நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு புகைப்படத் தகடுகளை ஒப்பிடும் வேலையில் இருந்தார். ஒரு தகட்டில் லட்சக்கணக்கில் நட்சத்திரப் புள்ளிகள் இருக்கலாம். அவற்றில் ஒரே ஒரு புள்ளி இடம் மாறியிருக்கிறதா என்று தேட வேண்டும். உலகத்திலேயே கொடுமையான ஆறு வித்தியாசம் இதுவாகத்தான் இருக்கும். அவரிடம் இருந்த கருவி இரண்டு தகடுகளையும் ஒரே இடத்தில் மாற்றி மாற்றிக் காட்டும். மாறாத நட்சத்திரங்கள் அப்படியே நிற்கும், நகர்ந்த புள்ளி மட்டும் இங்கும் அங்கும் துள்ளும். 1930 ஜனவரி 23, 29 ஆகிய தேதிகளில் எடுத்த தகடுகளை அவர் பிப்ரவரி 18 அன்று இப்படிப் பார்த்தபோது சிக்கியதுதான் புளூட்டோ. கருவி இருந்தும் அவர் தகட்டைச் சின்னச் சின்னப் பகுதிகளாகத்தான் வரிசையாகப் பார்த்து வந்தார் என்பதைப் பிள்ளையிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இப்போது முறைக்கு வருவோம். படத்தை மனதால் ஆறாகவோ எட்டாகவோ பிரித்துக்கொள்ள வேண்டும். மடித்த காகிதத்தை மேலே வைத்து மறைத்துக்கொண்டாலும் சரி. ஒரு கட்டத்துக்குள் மூன்று நான்கு பொருள்களை மட்டும் பெயர் சொல்லிப் பார்க்க வேண்டும்: "சட்டையில் மூன்று பட்டன், காக்கை இடப்பக்கம் பார்க்கிறது, குடத்துக்கு வாய் இருக்கிறது." பிறகு பக்கத்துப் படத்துக்குப் போக வேண்டும். வாய்விட்டுச் சொல்வது விளையாட்டுக்கு இல்லை. பெயர் வைத்த பொருள் மனதில் நிற்கும், பெயர் வைக்காதது நழுவும். எண்ணிக்கை, திசை, அளவு, இடம், இருக்கிறதா இல்லையா என்ற கேள்விகளை ஒவ்வொரு கட்டத்திலும் கேட்க வேண்டும். ஒரு கட்டம் முடிந்த பிறகுதான் அடுத்தது.

இந்தப் புதிர்களில் ஒரு குறையும் உண்டு. தொடர்ந்து போட்டால் பிள்ளை கவனிக்கக் கற்பதை விட, புதிர் வரைகிறவரின் புத்தியைப் படிக்கக் கற்றுக்கொள்வாள். பட்டன், பறவை, மேகம், புடவைக் கரையின் கோடு, சுவரில் மாட்டிய படம், இவற்றில்தான் நாங்கள் கை வைப்போம். வரைவதற்குச் சுலபம் என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது. கொஞ்ச நாளில் பிள்ளைகள் நேராக அங்கேயே போய்ப் பார்க்கிறார்கள். வேகம் கூடுகிறது, பெற்றோருக்கும் சந்தோஷம். ஆனால் அங்கே வளர்ந்தது கவனம் என்று நான் சொல்ல மாட்டேன்.

சரி, உங்கள் மகளின் 63, 36 பிரச்சினை. இதற்குப் பொம்மைப் படத்தை விட நல்ல புதிர் அவள் நோட்டிலேயே இருக்கிறது. அவள் சரியாகப் போட்ட ஒரு கணக்கை எடுத்து நீங்கள் ஒரு தாளில் எழுதுங்கள். எழுதும்போது நான்கு இடத்தில் வேண்டுமென்றே மாற்றுங்கள். ஓர் எண்ணைத் திருப்பிப் போடுங்கள், ஒரு கூட்டல் குறியைக் கழித்தலாக்குங்கள், ஒரு தசமப் புள்ளியை நகர்த்துங்கள், ஒரு சுழியத்தை விழுங்கிவிடுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து "நாலு வித்தியாசம் கண்டுபிடி" என்று கொடுங்கள். வினாத்தாளிலிருந்து நோட்டுக்கு எடுத்தெழுதும்போது நடப்பதும் கண் தாவல்தான். அங்கேயும் ஓர் எண்ணை ஒரு துண்டாகப் பெயர் சொல்லி ("அறுபத்து மூன்று") எடுத்துப்போகச் சொல்லுங்கள். இலக்கம் இலக்கமாக "ஆறு, மூணு" என்று எடுத்தால்தான் வரிசை புரண்டுபோகும். சில வாரம் செய்தபின் அவள் உங்களுக்குத் தாள் தயாரித்துக் கொடுக்கட்டும். எங்கே தப்பு ஒளித்தால் அம்மா அப்பா கண்ணில் படாது என்று யோசிக்கிறபோது, தன் தப்பு எங்கெல்லாம் ஒளியும் என்பதும் அவளுக்குத் தெரிந்துவிடும். (63-36 மட்டும் இல்லாமல் எழுத்துகளும் அடிக்கடி இடம் மாறி, வாசிப்பதிலும் தடுமாற்றம் இருந்தால் அது வேறு விஷயம். அதைப் புதிரால் சரிசெய்யப் பார்க்காமல் கற்றல் குறைபாடு அறிந்த நிபுணரிடம் காட்டிவிடுங்கள்.)

ஒளிந்திருக்கும் பொருளைத் தேடும் படங்களும் கூட்டத்தில் ஓர் எழுத்தைத் தேடும் கட்டங்களும் கைப்பேசியில் இப்போது நிறைய வருகின்றன. தேடலில் ஒரு சுவாரசியம் இருக்கிறது. ஒரு தாள் நிறைய 'ம' எழுதி நடுவே ஒரே ஒரு 'ம்' வையுங்கள். இன்னொரு தாள் நிறைய 'ம்' எழுதி நடுவே ஒரே ஒரு 'ம' வையுங்கள். வீட்டில் எல்லோரையும் தேடச் சொல்லி நேரம் பாருங்கள். புள்ளி இருப்பதைத் தேடுவது சுலபம், புள்ளி இல்லாததைத் தேடுவது இழுக்கும். ஆன் ட்ரீஸ்மன் என்ற உளவியலாளர் 1980-களில் வட்டங்களையும் வால் உள்ள வட்டங்களையும் வைத்து இதைக் காட்டினார். இருப்பது தானாகத் துருத்திக்கொண்டு தெரியும், இல்லாததை ஒவ்வொன்றாகத் தொட்டுத்தான் பார்க்க வேண்டும். அவள் விடைத்தாளில் விட்டுப்போன அலகும் விட்டுப்போன கேள்வியும் கடைசி வாசிப்பிலும் கண்ணில் படாமல் போவதற்கு இதுவே காரணம்.

"11 விநாடியில் பூனையைக் கண்டுபிடித்தால் உங்களுக்குக் கழுகுக் கண்", "நூற்றில் ஒருவருக்குத்தான் தெரியும்", "முதலில் மரம் தெரிந்தால் நீங்கள் இப்படிப்பட்டவர்" என்றெல்லாம் வரும் தலைப்புகளை அப்படியே ஒதுக்கிவிடுங்கள். அந்த விநாடிக் கணக்குக்குப் பின்னால் எந்த அளவீடும் இல்லை. சொடுக்க வைப்பதற்காக எழுதப்படுபவை. நேரத்துக்குள் கண்டுபிடிக்காத பிள்ளை தனக்கு மூளை குறைவு என்று நினைத்துக்கொள்வதுதான் இதில் எனக்குக் கோபம் வரும் இடம்.

உற்றுத் தேடப் பழகிய கண்ணே எதிர்பாராததைத் தவறவிடும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 1999-இல் டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரி காட்டிய கூடைப்பந்து வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். பந்து எத்தனை முறை கைமாறுகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர், நடுவே வந்து மார்பில் தட்டிவிட்டுப் போன கொரில்லா வேடக்காரரைப் பார்க்கவே இல்லை. 2013-இல் நுரையீரல் ஸ்கேன் படங்களுக்குள் ஒரு கொரில்லா படத்தைச் செருகி 24 கதிரியக்க மருத்துவர்களிடம் கட்டி தேடச் சொன்னார்கள். 20 பேர் கொரில்லாவைத் தவறவிட்டார்கள். நாள் முழுக்கப் படம் பார்ப்பதே தொழிலாக உள்ளவர்கள் அவர்கள். கட்டியைக் கண்டுபிடிப்பதில் தேர்ந்த கண், கட்டியைத்தான் கண்டுபிடிக்கும்.

ஞாபகத்துக்கு வருவோம். இங்கே சதுரங்க ஆராய்ச்சி ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் இருவரும் 1973-இல் வெளியிட்டது. உண்மையான ஆட்டத்தின் நடுவிலிருந்து எடுத்த நிலையை 5 விநாடி காட்டிவிட்டு மறைத்தார்கள். தேர்ந்த ஆட்டக்காரர் சுமார் 16 காய்களைச் சரியாக வைத்தார், புதியவர் 4. அதே காய்களைக் கன்னாபின்னாவென்று பலகையில் இறைத்துக் காட்டியபோது தேர்ந்தவருக்கும் புதியவருக்கும் வித்தியாசமே இல்லாமல் போனது. அப்படியென்றால் தேர்ந்தவருக்கு நினைவாற்றல் என்ற தனிச் சரக்கு கூடுதலாக இல்லை. கோட்டை கட்டிய ராஜா, முன்னால் மூன்று சிப்பாய் என்று பல காய்களை ஒரே துண்டாகப் பார்க்கிறார். அர்த்தம் போனால் துண்டும் போய்விடுகிறது.

இதை நம் வாசலிலேயே பார்க்கலாம். 15 புள்ளி, 8 வரை ஊடுபுள்ளிக் கோலம் என்றால் மொத்தம் 169 புள்ளி. மார்கழிக் காலையில் தாளைப் பார்க்காமல் அதைப் போடுகிறவர் 169 புள்ளிக்கும் எந்தக் கோடு எங்கே என்று மனப்பாடம் செய்யவில்லை. ஆறு பக்கமும் ஒரே மாதிரி சுற்றி வருகிற கோலம் என்றால் ஆறில் ஒரு பங்கு மனதில் இருந்தால் போதும், மீதி அதன் சுழற்சி. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1970-களில் கோலங்களைக் கணினியியலின் வடிவ இலக்கணங்களாக எழுதிக் காட்டினார்கள். ஒரு சிறு தொடக்கத்தோடு சில விதிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் பெரிய கோலம் வந்துவிடும்.

ஆகவே என் கருத்தில், வீட்டில் செய்யக்கூடிய மிகச் சிறந்த நினைவுப் புதிர் கோலம்தான். செலவும் இல்லை. ஐந்து புள்ளிச் சிக்குக் கோலம் ஒன்றைப் பத்து விநாடி காட்டி மறையுங்கள், மகள் புள்ளி வைத்த தாளில் வரையட்டும். அப்புறம் அதே அளவு கோடுகளைத் தாறுமாறாகக் கிறுக்கி இன்னொரு தாளைப் பத்து விநாடி காட்டுங்கள். இரண்டாவது வராது. ஏன் வரவில்லை என்று அவளைக் கேளுங்கள். அவள் சொல்லும் காரணம்தான் நீங்கள் கற்றுக்கொடுக்க நினைத்த பாடம், அதை அவளே கண்டுபிடித்திருப்பாள். மகன் இருந்தால் அவனையும் உட்கார வையுங்கள். கோலம் பெண்பிள்ளைகளுக்கு மட்டும் என்று எழுதிவைக்கவில்லை.

தட்டில் இருபது சாமான்களைப் பரப்பி ஒரு நிமிடம் காட்டி, துணியால் மூடி, பட்டியல் எழுதச் சொல்லும் விளையாட்டு சாரணர் படையில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். நல்ல விளையாட்டுதான். ஆனால் இங்கேயும் சும்மா திரும்பத் திரும்ப ஆடினால் பெரிய முன்னேற்றம் வராது. "சமையல் சாமான், எழுதும் சாமான், தைக்கிற சாமான்" என்று அவள் மனதுக்குள் பிரிக்கத் தொடங்கும் நாளில் எண்ணிக்கை குதிக்கும். அதுவரை பொறுத்திருங்கள், நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.

அடிக்கடி பார்ப்பதாலேயே எதுவும் மனதில் பதியாது என்பதைக் காட்ட ஒரு வேடிக்கை. ரூபாய் நோட்டை எடுக்காமல் சொல்லச் சொல்லுங்கள்: புதிய வரிசை 20 ரூபாய் நோட்டின் பின்பக்கம் எந்த இடம்? எல்லோரா. 50-இல் ஹம்பி கல்தேர், 10-இல் கோனார்க், 100-இல் ராணி கி வாவ் படிக்கிணறு, 200-இல் சாஞ்சி தூபி, 500-இல் செங்கோட்டை. பின்பக்கத்துப் பட்டையில் எத்தனை மொழி? 15. தமிழ் மேலிருந்து எத்தனையாவது? 13, கீழே தெலுங்கும் உருதும்தான். தினமும் கையில் புழங்குகிற காகிதம், ஆனாலும் கடையில் சில்லறை எண்ணுகிறவரே தடுமாறுவார். அமெரிக்காவில் 1979-இல் ரேமண்ட் நிக்கர்சன், மேரிலின் ஆடம்ஸ் ஒரு சென்ட் நாணயத்தை வைத்து இதைச் சோதித்தார்கள். பல போலிப் படங்களுக்கு நடுவே சரியான நாணயத்தைக் காட்டச் சொன்னபோது பாதிப் பேருக்கு மேல் கோட்டைவிட்டார்கள். நிறமும் அளவும் போதும் என்று மூளை தீர்மானித்துவிட்டால் மீதியைச் சேமிப்பதில்லை. தேவை வந்தால்தான் பார்க்கும். அதனால் மகளுக்கு அறிவியல் படம் (இதயம், பூவின் பாகங்கள்) மனதில் நிற்க வேண்டுமானால் பத்து முறை பார்ப்பதை விட, ஒரு முறை பார்த்து மூடிவிட்டு வரைந்து, எங்கே விட்டுப்போனது என்று திறந்து பார்ப்பது மேல்.

தர்க்கப் புதிர்களில் எனக்குப் பிடித்தது எண்ணுகிற புதிர். நான்குக்கு நான்கு கட்டம் வரைந்து எத்தனை சதுரம் என்று கேளுங்கள். 16 என்பாள். பெரிய சதுரத்தைச் சேர்த்து 17 என்பாள். அப்புறம் விரலை வைத்துத் தேடத் தொடங்கி 22, 25 என்று ஏதோ ஓர் எண்ணில் நிற்பாள். இங்கே கண்ணை நம்பினால் முடியாது, வரிசை வேண்டும். ஒரு கட்ட அளவு 16, இரண்டு கட்ட அளவு 9, மூன்று 4, நான்கு 1, ஆக 30. இதைப் பிடித்துவிட்டவளிடம் சதுரங்கப் பலகையைக் கொடுத்தால் பலகையைப் பார்க்காமலே 204 என்று சொல்லிவிடுவாள். முக்கோணத்திலும் இப்படித்தான். உச்சியிலிருந்து அடிப்பக்கத்துக்குக் கோடுகள் இழுத்து அடியை ஐந்து துண்டாக்கினால் 5+4+3+2+1, அதாவது 15 முக்கோணம். குறுக்கே அடிக்கு இணையாக ஒரு கோடு போட்டால் 30. ஏன் சரியாக இரட்டிப்பானது என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு விடை சொல்லத் தெரிந்தால் எண்ணிக்கை தப்பினாலும் பரவாயில்லை.

மூன்றுக்கு மூன்று கட்டத்தில் எட்டுப் படம் கொடுத்து ஒன்பதாவதைக் கேட்பது ஜான் ரேவன் 1930-களில் உருவாக்கிய சோதனையின் வடிவம். மனத்திறன் தேர்வுகளில் வரும் உருவக் கேள்விகளில் பலவற்றுக்கு இதன் சாயல் உண்டு. அரசுப் பள்ளியிலோ உதவிபெறும் பள்ளியிலோ படிக்கிறாள் என்றால் எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்ற உதவித்தொகைத் தேர்வு எழுதலாம். குடும்ப வருமான வரம்பு உண்டு. தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை. அதில் மனத்திறன் தாளுக்கு 90 நிமிடத்தில் 90 கேள்வி. இதற்கு நான் சொல்லும் ஒரே அறிவுரை: விடைகளைக் கையால் மூடிக்கொண்டு, ஒன்பதாவது படம் எப்படி இருக்க வேண்டும் என்று முதலில் மனதில் வரைந்துகொள்ள வேண்டும். குறுக்கே ஒரு விதி, நெடுக்கே ஒரு விதி பார்க்க வேண்டும். எண்ணிக்கை கூடுகிறதா, உருவம் திரும்புகிறதா, இரண்டு படம் சேர்ந்து மூன்றாவது ஆகிறதா, பொதுவான கோடு அழிகிறதா? முதலிலேயே நான்கு விடைகளையும் பார்த்தால் நான்கும் சரி போலத் தெரியும், அப்படித்தான் அவற்றைத் தயாரிக்கிறோம். பகடைக் கேள்வியில் எதிரெதிர் முகம் கூட்டினால் ஏழு என்று நினைத்துக்கொண்டு போகக் கூடாது. வீட்டுப் பகடை அப்படி, தேர்வுப் பகடை பெரும்பாலும் அப்படி இருக்காது. கண்ணாடியில் தெரியும் கடிகாரத்துக்கு 11:60-லிருந்து கழித்தால் போதும், 3:40 என்று தெரிந்தால் உண்மை நேரம் 8:20. இது தேர்வுக்கான குறுக்குவழி, இதில் சிந்தனை ஒன்றும் வளராது.

தீக்குச்சிப் புதிர் வேறு ஜாதி. ரோமன் எண்ணில் குச்சிகளால் "மூன்று = மூன்று + மூன்று" என்று வைத்து, ஒரே குச்சியை மாற்றிச் சரியாக்கச் சொல்லுங்கள். எல்லோரும் எண்களைத்தான் நோண்டுவார்கள். விடை, கூட்டல் குறியின் நிற்கும் குச்சியைப் படுக்க வைத்துச் சமக்குறி ஆக்குவது: மூன்று = மூன்று = மூன்று. ஒரு வரியில் இரண்டு சமக்குறி வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, நாமே போட்டுக்கொண்ட வேலி அது. இத்தாலியில் கார்லோ ரெவர்பெரி குழு 2005-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த வகைக் கடினமான கணக்கை நலமாக இருந்தவர்களில் 43 சதவீதம் பேர்தான் தீர்த்தார்கள். மூளையின் முன்பகுதிப் பக்கவாட்டில் பாதிப்புள்ள நோயாளிகளில் 82 சதவீதம் பேர் தீர்த்தார்கள். பழைய வழக்கத்தின்படி தேடலை நெறிப்படுத்துகிற பகுதி அது. கட்டுப்பாடு குறைந்தவர்களுக்கு வேலியும் குறைவு. ஆகவே முறையாக யோசிக்கச் சொல்லித்தரும் புதிர்களோடு நடுவே இப்படி ஒன்றையும் கொடுத்துவையுங்கள். ஆனால் இதை மணிக்கணக்கில் பிடித்துத் தொங்க விடாதீர்கள். வரவில்லை என்றால் தூக்கிப் போட்டுவிட்டு மறுநாள் பார்ப்பதுதான் சரி.

புதிரின் பலன் அந்தப் புதிரைத் தாண்டிப் போகாது என்றேன். அதற்கு ஒரு விலக்கு உண்டு, உருவங்களை மனதுக்குள் திருப்பிப் பார்க்கும் திறன். டேவிட் உட்டால் குழு 217 ஆய்வுகளைத் தொகுத்து 2013-இல் வெளியிட்ட முடிவு, இந்தத் திறன் பயிற்சியால் வளர்கிறது, பயிற்சி தராத வேறு உருவ வேலைகளுக்கும் ஓரளவு கடத்தப்படுகிறது என்பதே. அமெரிக்காவின் மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஷெரில் சோர்பி இந்தத் திறன் குறைவாக இருந்த பொறியியல் மாணவர்களுக்கு 1990-களில் தனிப் பாடமே நடத்தினார், பலனும் கிடைத்தது. சேர்த்துப் பொருத்தும் அட்டைப்படம், ஏழு துண்டு டேன்கிராம், மடித்துத் துளை போட்ட காகிதத்தை விரித்தால் துளைகள் எங்கெங்கே வரும் என்ற கேள்வி, கனசதுரத்தின் வலை (அதாவது பெட்டியை வெட்டி விரித்தால் கிடைக்கும் தட்டை வடிவம்), இவையெல்லாம் இந்த ரகம். கனசதுரத்தை விரித்தால் 11 விதமான வலைகள் கிடைக்கும். பழைய அட்டைப்பெட்டியை வெட்டி அவள் எத்தனை கண்டுபிடிக்கிறாள் என்று பாருங்கள். இன்னொன்று, வெளிப்பக்கம் முழுக்கச் சாயம் பூசிய கனசதுரத்தை 27 சிறு துண்டுகளாக வெட்டினால் எத்தனை துண்டில் எத்தனை முகத்தில் சாயம் இருக்கும்? மூலையில் 8 துண்டு மூன்று முகம், விளிம்பில் 12 துண்டு இரண்டு முகம், நடு முகத்தில் 6 துண்டு ஒரு முகம், உள்ளே ஒன்று வெறுமை. சோப்புக் கட்டியை வெட்டியே காட்டலாம். முதலில் கையால், பிறகு மனதால்.

ஆப் விஷயம். வாங்க வேண்டாம் என்பேன். பிரிட்டனில் ஏட்ரியன் ஓவன் குழு 11,430 பேரை ஆறு வாரம் கணினியில் மூளைப் பயிற்சி செய்ய வைத்து 2010-இல் முடிவை வெளியிட்டது. பயிற்சி செய்த விளையாட்டில் எல்லோரும் முன்னேறினார்கள், மற்ற சோதனைகளில் அந்த முன்னேற்றம் தெரியவில்லை. அமெரிக்காவில் மூளைப் பயிற்சி விளையாட்டுகளை விற்கும் லூமோசிட்டி நிறுவனம் ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்தது என்ற குற்றச்சாட்டில் 2016-இல் 20 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. திரையில் நட்சத்திரமும் மணியோசையும் கொடுத்து வேகத்தைப் பாராட்டுகிற எதுவும், உங்கள் மகளுக்கு ஏற்கெனவே இருக்கிற அவசரத்தைத்தான் வளர்க்கும்.

உங்கள் அப்பாவுக்கு: 65 வயதைத் தாண்டிய 2,832 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வில், நினைவுக்குப் பயிற்சி பெற்றவர்கள் நினைவிலும், தர்க்கத்துக்குப் பெற்றவர்கள் தர்க்கத்திலும், வேகத்துக்குப் பெற்றவர்கள் வேகத்திலும் முன்னேறினார்கள். ஒன்றின் பலன் மற்றொன்றுக்குப் போகவில்லை. அவருக்குப் பிடித்திருந்தால் போடட்டும், பேத்தியோடு சேர்ந்து போட்டால் இன்னும் நல்லது. ஆனால் மறதி கூடிக்கொண்டே வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் புதிர் மருந்து இல்லை. பி12 குறைபாடு, தைராய்டு, காது மந்தம், மனச்சோர்வு, சாப்பிடும் சில மாத்திரைகள் என்று சரிசெய்யக்கூடிய காரணங்கள் இருக்கலாம். முதலில் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

நேரத்துக்குக் கறாரான கணக்கு கிடையாது. பதினைந்து நிமிடம், வாரத்தில் நாலைந்து நாள், தூக்கத்தையும் வெளி விளையாட்டையும் தொடாமல் இருந்தால் போதும். வகையை மாற்றிக்கொண்டே இருங்கள். ஒரே வகையில் வேகம் வந்துவிட்டது என்றால் அதைவிட்டு நகர வேண்டிய நேரம் வந்துவிட்டது. புதிர்ப் புத்தகம் வாங்கினால் முதல் வேலையாகக் கடைசியில் உள்ள விடைப் பக்கங்களைக் கத்தரித்து உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். அவள் விடையோடு வந்தால் சரியா தப்பா என்று உடனே சொல்லாமல் "எப்படிக் கண்டுபிடிச்சே?" என்று மட்டும் கேளுங்கள். அச்சுப் புத்தகங்களில் விடையே தப்பாக இருப்பதும் உண்டு, அவள் சொல்வதைக் கேட்டுவிட்டுப் பக்கத்தைப் பாருங்கள்.